பிழை விடுகிற பிள்ளை

ஸுல்பிகாவின் இறுதிப் பாடத்தை லெஸ்லி பாதியில் நிறுத்தினார்.

அதற்கு முன்பு அவர் எவருடைய பாடத்தையும் அப்படி நிறுத்தியதில்லை. முப்பது வருடமாக ஆசிரிய மாணவர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் இருந்து பார்த்துப் புள்ளி போடுகிற மனிதர். கரும்பலகையில் கணக்கைப் பிழையாக எழுதியவர்களையும், நடுவில் அழுதவர்களையும், பிள்ளைகளுக்குப் பயந்து யன்னலைப் பார்த்துப் படிப்பித்தவர்களையும் மணி அடிக்கும் வரை விட்டுத்தான் இருக்கிறார். ஸுல்பிகா ஒரு பிழையும் விடவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டிருந்த ஓகஸ்ட் மாதம். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆசிரியர் கல்லூரியின் மூன்றாம் வருட மாணவர்கள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், உயிருள்ள பிள்ளைகளுக்கு முன்னால் நின்று செய்ய வேண்டிய இறுதிப் பாடத்தை, தங்கள் வீட்டிலிருந்தே சூமில் செய்தால் போதும் என்று கல்லூரி முடிவெடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு எங்கே போவது என்று எவரும் கேட்கவில்லை. மாணவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கதிரைகளை வரிசையாக அடுக்கினார்கள். கதிரைகளைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். இன்று என்ன கிழமை என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, "மிகச் சரி, செவ்வாய்க்கிழமை" என்று பாராட்டினார்கள். கதிரைகள் எந்தக் கேள்விக்கும் பிழையாகப் பதில் சொல்லவில்லை.

முதல் மூன்று பேருக்கும் லெஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். நாலாவது ஸுல்பிகா. மூதூர்ப் பிள்ளை. அந்தத் தொகுதியிலேயே கெட்டிக்காரி. அவளாவது வேறு விதமாகச் செய்வாள் என்று அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தார் போலும். அவளும் நான்கு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகளைப் பார்த்துச் சிரித்து, "கெட்டிக்காரப் பிள்ளைகள்" என்றபோது, அவர் தன் மைக்கைத் திறந்தார்.

"ஸுல்பிகா, அந்த வகுப்பில பிழை விடுற பிள்ளை ஒண்டும் இல்லையா?"

அவள் கதிரைகளைப் பார்த்தாள். பிறகு கமராவைப் பார்த்தாள். "இல்ல சேர்" என்றாள்.

"அப்ப அங்க உங்களுக்கு என்ன வேலை?"

இதைப் பாடம் என்று தன்னால் எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டு லெஸ்லி இணைப்பைத் துண்டித்தார். அவளுடைய பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் அவள் இந்தத் தொகுதியோடு நியமனம் பெற முடியாது, அடுத்த தொகுதியோடு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த அறையில் இருந்து அவருடைய மனைவி கிறிஸ்டின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தபால் கந்தோரில் வேலை; ஊரடங்கால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போனாள். திருகோணமலை லிங்கநகரில் அவர்களுடைய வீடு சின்னது. ஒரு அறையில் நடக்கிற வகுப்பு மற்ற அறையில் நிற்பவருக்கும் பாடமாகிவிடும். கிறிஸ்டினுக்குச் சிறுவர் உளவியல் இப்போது ஓரளவு தெரியும்.

அந்தப் பிள்ளை பாவம் என்றாள். லெஸ்லி, பாவம் பார்ப்பதற்குத் தேவாலயம் இருக்கிறது, கல்லூரி அதற்கு இல்லை என்றார். தேவாலயமும் பூட்டித்தானே கிடக்கிறது என்று அவள் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

லெஸ்லிக்குச் சூம் மேல் இருந்தது வெறும் எரிச்சல் இல்லை. தொடக்கத்தில் அவர் முயன்றுதான் பார்த்தார். மகன் விட்டுப்போன லப்டொப்பை நாலு தடித்த புத்தகங்களுக்கு மேல் ஏற்றி வைத்து, சேட்டுப் போட்டு, தலை வாரி, கறுப்புச் சதுரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். டேட்டா போதாது என்று எவரும் கமரா திறப்பதில்லை. சதுரத்துக்குள் பெயர் மட்டும் இருக்கும். விளங்குதா என்று கேட்டால், அரட்டைப் பெட்டியில் "யெஸ் சேர்", "யெஸ் சேர்" என்று ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். ஒருநாள் அவருக்குத் தெரியாமலே இணைப்பு அறுந்துவிட்டது. பிள்ளை ஏன் பொய் சொல்லுகிறது என்பதைப் பற்றி, தன் முழு அனுபவத்தையும் கொட்டி, நெடுநேரம் பேசியிருக்கிறார். பிறகுதான் திரை உறைந்திருப்பதைக் கண்டார். பதறிப்போய் மீண்டும் உள்ளே வந்து, கடைசியாகச் சொன்னது விளங்கியதா என்று கேட்டார். "யெஸ் சேர்" என்று வந்தது. எல்லோரிடமிருந்தும் வந்தது.

அன்றிலிருந்து அவர் குறிப்புகளை வாசித்துவிட்டு எழும்பிப் போகிறவராகிவிட்டார்.

கல்லூரியில் மற்றவர்கள் இதைத் தங்கள் தங்கள் பாட்டில் சமாளித்தார்கள். கணினி படிப்பிக்கிற ஹஸ்மிக்கு வாழ்க்கையிலேயே நல்ல காலம் இதுதான். எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள், கூட்டங்களில் ஒருவர் கதைக்கும்போது மற்றவரை ஊமையாக்கலாம். தமிழ் விரிவுரையாளர் அன்னலட்சுமி, இத்தனை வருடம் படிப்பித்தும் தன் மாணவர்களின் வீட்டுச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன் என்று சொன்னார்; யாருடைய வீட்டில் ஆட்டுக்குட்டி கத்துகிறது, யாருடைய வீட்டில் தகப்பன் கத்துகிறார் என்று அவருக்கு அத்துப்படி. லெஸ்லி மட்டும் ஒரு கூட்டத்தில், இது படிப்பித்தல் இல்லை, வானொலி என்றார். துறைத் தலைவி றுமானா, வானொலி என்றாலும் கேட்கட்டும், போர்க் காலத்தில் நாங்கள் அதுவும் இல்லாமல்தானே படித்தோம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்து வைத்தார்.

அந்த றுமானாதான் அன்று பின்னேரம் போன் எடுத்தார். அவர் லெஸ்லியை விட வயதில் இளையவர். லெஸ்லியிடமே படித்தவர். அதனால் அவரோடு கதைக்கும்போது கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் தொடங்குவார். ஊசி போட்டதற்குப் பிறகு கை நோ எப்படி என்று கேட்டார். கிறிஸ்டின் அக்கா சுகமா என்று கேட்டார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"சேர், மூண்டு பேருக்குக் கையெழுத்து வச்சிட்டீங்க. நாலாவது பிள்ளைக்கு மட்டும் நீதி தேடுறீங்க."

லெஸ்லி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"மற்ற மூண்டு பேரையும் விட அவ திறம் எண்டு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதாலதான் கோவம் வந்தது."

"உங்கட கோவத்துக்கு அந்தப் பிள்ளை ஒரு வருசம் வீட்டில இருக்கோணுமா சேர்?"

வியாழக்கிழமை காலை இன்னொரு பாடம் பார்க்கிறேன் என்று லெஸ்லி ஒத்துக்கொண்டார். கதிரைகளைக் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அப்படியென்றால் அவள் பிள்ளைகளுக்கு எங்கே போவாள், அங்கே ஒழுங்கையையே கயிறு கட்டி மறித்து வைத்திருக்கிறார்கள் என்று றுமானா கேட்டார். அது தனக்குத் தெரியாது என்றார் லெஸ்லி. சொன்ன பிறகு, அது தானே யோசிக்க வேண்டிய விசயம் என்று தோன்றியது. ஆனாலும் போனை வைத்துவிட்டார்.

மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். அங்கே நின்றால் வீடுகளின் கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்துத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். அதற்கும் அப்பால், வெளிச்சம் நல்லாக இருந்தால், மூதூர்க் கரை ஒரு கோடாகத் தெரியும். லோஞ்ச் படகில் போனால் அவ்வளவு தூரம் இல்லை. வேறு வருடமாக இருந்தால் காலையில் ஏறிப்போய், அவளுடைய பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பார். இப்போது தண்ணீரில் ஒன்றும் ஓடவில்லை.

வியாழக்கிழமை லெஸ்லி வழக்கம்போலத் தன் கமராவை மூடிவைத்துக்கொண்டு சூமுக்குள் போனார். பாடம் பார்க்கிறவர் முகம் காட்டக் கூடாது, மாணவருக்குப் பதற்றம் வரும் என்பது கல்லூரி சொன்ன ஒழுங்கு. திரையில் ஸுல்பிகாவின் வீட்டு விறாந்தை தெரிந்தது. சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் பாயில் மூன்று பேர் கால் மடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் இருந்தவர் அவளுடைய வாப்பா ஸஹாப்தீன். மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் லோஞ்ச் ஓட்டுகிறவர். சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, தலைமயிரைப் பள்ளிக்கூடப் பெடியன் போலப் படிய வாரியிருந்தார். ஒரு பக்கம் உம்மா லைலா. மறுபக்கம் மாமி சனூஸா, வாய் நிறைய வெற்றிலையோடு. கல்லூரியில் முதலாம் வருடத்திலேயே பழக்குகிற விசயம்தான் இது: ஒருவர் படிப்பிக்கும்போது கூடப் படிக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஸுல்பிகாவிடம் இப்போது கூடப் படிக்கிறவர்கள் இல்லை. இருந்தவர்களைக் கூட்டி வைத்திருந்தாள்.

மூன்றாம் ஆண்டுக் கணக்கு. பத்தை உடைத்துக் கழிப்பது.

"பிள்ளைகளே, பெரிய எண்ணில இருந்து சின்ன எண்ணத்தான் நாம கழிக்கிற" என்று தொடங்கினாள். "ஒரு லோஞ்சில முப்பத்திரண்டு பேர் வாறாங்க. துறையில பதினேழு பேர் இறங்குறாங்க. மிச்சம் எத்தன பேர்?"

"முப்பத்திரண்டு பேரோட லோஞ்ச் வெளிக்கிடாது டீச்சர்" என்றார் ஸஹாப்தீன்.

லைலா அவருடைய தொடையில் கிள்ளினாள்.

"பதினஞ்சு" என்று அவர் உடனே சொன்னார்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அவள் கேள்வியைக் கேட்டு முடிக்க முதல் பதில் வந்தது. மகள் பாஸ் பண்ண வேண்டும், அதற்கு எல்லாப் பதிலும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இரவெல்லாம் பாடமாக்கியிருப்பார் போல இருந்தது. மற்றப் பிள்ளைகளும் சொல்லட்டும் என்று ஸுல்பிகா கெஞ்சினாள். அவர்களுக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்று லைலா கோபித்துக்கொண்டு, அதே பதிலைச் சொன்னாள். சனூஸா வெற்றிலையோடு தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று கதிரைகள் வாயில்லாமல் இருந்தன. இன்று அவற்றுக்கு வாய் முளைத்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸுல்பிகாவுக்கும் அது தெரிந்தது. பத்துப் பத்தாகக் கட்டிய தென்னை ஈர்க்குகளில் ஒரு கட்டைக் கையில் பிடித்தபடி அவள் ஒரு கணம் கமராவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. இனி என்ன செய்ய என்று உண்மையிலேயே தெரியாத பார்வை. பாடத்தின் நடுவில் இப்படி நிற்கிற ஆசிரிய மாணவர்களைப் பின்வரிசையில் இருந்து லெஸ்லி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அந்த நேரம் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை எழும்பி ஒரு விசர்க் கேள்வி கேட்கும். டீச்சருக்கு உயிர் வந்து, பதில் சொல்லுவாள். பாடம் மறுபடி நடக்கத் தொடங்கும்.

லெஸ்லி தன் கமராவைத் திறந்தார். கையை உயர்த்தினார்.

"டீச்சர்," என்றார். "எனக்கு இருபத்தஞ்சு வருது."

சேரின் முகத்தைத் திரையில் கண்டதும் ஸஹாப்தீன் மரியாதைக்குப் பாயிலிருந்து பாதி எழும்பி நின்றார். "சேர், அது பதினஞ்சு" என்று மெல்லமாகச் சொன்னார், அவருக்கு ஒரு அவமானம் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

ஸுல்பிகா அசையவில்லை. இது ஒரு பொறி என்று அவள் நினைப்பது லெஸ்லிக்குத் தெரிந்தது. பிறகு அவள் ஈர்க்குக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"லெஸ்லி, பயப்படாம செல்லுங்க," என்றாள். "எப்பிடிச் செஞ்சீங்க?"

முப்பது வருடத்தில் ஒரு மாணவி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டிலேருந்து ஏழு எடுக்க ஏலாது டீச்சர். அதால ஏழிலேருந்து ரெண்டை எடுத்தன். அஞ்சு. பிறகு மூண்டிலேருந்து ஒண்டு. ரெண்டு."

"ஏன் ஏழிலேருந்து ரெண்ட எடுத்தீங்க?"

"பெரிசிலேருந்துதான் சின்னதை எடுக்கலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்கள்."

அவள் சுவரில் ஒட்டிய தாளைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வரியில் அதைத் தன் கையாலேயே எழுதியும் இருந்தாள். லெஸ்லி பொறுத்திருந்தார். இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுவார்கள். ஒன்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்பார்கள். அல்லது, நீ கவனிக்கவில்லை என்று பிள்ளையின் தலையில் போடுவார்கள். அவரும் இளவயதில் போட்டவர்தான்.

"ஓம், நான் அப்பிடித்தான் சொன்னன்" என்றாள் ஸுல்பிகா. "அது நான் உட்ட பிழை. நீங்க என்ட சொல்லைக் கேட்டுத்தான் செஞ்சிரிக்கீங்க."

தாளில் அந்த வரியைக் குறுக்கே வெட்டினாள்.

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பம். லோஞ்சில மிச்சம் இருபத்தஞ்சு பேர் எண்டு வச்சிக்கொள்ளுவம். இறங்கினது பதினேழு. ரெண்டையும் கூட்டினா?"

"நாப்பத்திரண்டு."

"ஏறினது?"

"முப்பத்திரண்டு."

"அப்ப அந்தப் பத்துப் பேர் எங்கால வந்தாங்க?"

"நடுக்கடல்ல ஏறிட்டாங்களாக்கும்" என்றார் ஸஹாப்தீன். இப்போது அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். தன் லோஞ்சில் கணக்கில்லாத பத்துப் பேர் ஏறியதை அவரால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர், இந்தப் புள்ளையக் கொஞ்சம் வெளிய நிப்பாட்டினா வகுப்பு நடக்கும்."

"ஸஹாப்தீன், இந்த வகுப்பில ஒருத்தரையும் வெளிய நிப்பாட்டுறல்ல," என்றாள் அவள். அவர் அடங்கினார். லெஸ்லியிடம் திரும்பினாள். "லெஸ்லி, உங்கட வீட்டில நெருப்புக்குச்சி இரிக்கா? நூலும் வேணும். போய் எடுத்திட்டு வாங்க. நாங்க இரிக்கிறம்."

லெஸ்லி எழும்பினார். வேறு என்ன செய்வது? குசினிக்குப் போய் நெருப்புப்பெட்டி கேட்டார். கிறிஸ்டின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, எல்லாம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் கூடவே வந்து, மேசையில் குச்சிகளைக் கொட்டி, பத்துப் பத்தாக எண்ணி, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். மூன்று கட்டு. தனியாக இரண்டு குச்சி.

கையைக் காட்டச் சொன்னாள் ஸுல்பிகா. லெஸ்லி லப்டொப்பின் திரையை முன்பக்கம் சாய்த்தார். அவருடைய முகம் போய், மேசையும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

"ஏழு குச்சி எனக்குத் தாங்க."

"ரெண்டுதான் இருக்கு டீச்சர்."

"வேற எங்க இரிக்கு?"

லெஸ்லி கட்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். நூல் முடிச்சு அவிழவில்லை. கிறிஸ்டின் கட்டுவதெல்லாம் தபால் கந்தோர்க் கட்டு. நகத்தால் நோண்டினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். உதவிக்கு வந்த கிறிஸ்டினின் கையைத் தட்டிவிட்டார்.

"அவிழுதில்ல" என்றார்.

"அவசரமில்ல," என்றது லப்டொப்பில் இருந்து வந்த குரல். "நீங்க அவிழுங்க. நாங்க பார்த்துட்டு இரிக்கிறம்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விறாந்தையில் ஒருவரும் கதைக்கவில்லை. தனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்பதை லெஸ்லி கழுத்தின் பின்பக்கத்தில் உணர்ந்தார், வகுப்பறையில் உணர்வதைப் போல. இது படிப்பித்தல் இல்லை, வானொலி என்று கூட்டத்தில் சொன்னவர் அவர். கடைசியில் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். பத்துக் குச்சியும் மேசையில் சிதறின.

"இப்ப எத்தன இரிக்கு?"

"பன்னிரண்டு." ஏழை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். ஒரு கட்டையும் வைத்தார். மிச்சத்தைப் பார்த்தார். ஒரு கட்டு, ஐந்து குச்சி. அறுபதை எட்டப்போகிற மனிதருக்கு இதன் விடை தெரியாமல் இல்லை. ஆனாலும் அது தன் கைக்குக் கீழே வந்து உட்கார்ந்ததைப் பார்க்க ஒரு சந்தோசம் வந்தது. "பதினஞ்சு டீச்சர்."

"அந்தப் பத்துப் பேர்?"

"ஏறவே இல்லை."

லைலா கை தட்டினாள். ஸுல்பிகா விடவில்லை. நாற்பத்தொன்றிலிருந்து பதின்மூன்றை யாருடைய உதவியும் இல்லாமல் செய்யச் சொன்னாள். அவர் செய்தார். எப்படிச் செய்தார் என்று ஸஹாப்தீனுக்கு விளங்கப்படுத்தச் சொன்னாள். அதையும் செய்தார். தன்னைச் சோதிக்கிறவருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை அவள் எங்கேயோ வழியில் மறந்துவிட்டாள்.

"சேர், மகள் பாஸா?" ஸஹாப்தீனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"வாப்பா, வகுப்பு இன்னும் முடியல்ல."

முடித்தாள். இன்று படித்ததைச் சனூஸாவைச் சொல்ல வைத்தாள். சனூஸா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு ஸுல்பிகா கமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்று, "முடிஞ்சிது சேர்" என்றாள். குரல் மறுபடியும் மாணவியின் குரலாகியிருந்தது.

லெஸ்லி திரையை நிமிர்த்தினார்.

"பெரிசிலேருந்து சின்னது எண்டு இனி ஒரு வகுப்பிலையும் சொல்லாதீங்கோ," என்றார். "நீங்கள் பாஸ்."

அங்கே என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. போன் சரிந்து கூரை தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஸஹாப்தீனின் குரல் கேட்டது. பாயைச் சுருட்டுகிற சத்தம். கொஞ்சம் கழித்து ஸுல்பிகா மட்டும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தாள். கண் சிவந்திருந்தது.

"சேர், நீங்க நடிச்சீங்கதானே?"

லெஸ்லி மேசையில் சிதறிக் கிடந்த குச்சிகளைப் பார்த்தார்.

"முதல்ல ஓம்" என்றார்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் உடனே றுமானாவுக்குப் போன் எடுத்தார். ஸுல்பிகாவின் முடிவைச் சொன்னார். பிறகு, ஏற்கெனவே கையெழுத்து வைத்த மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார். றுமானா பயந்துபோனார். போட்ட புள்ளியைப் பறிக்க ஏலாது சேர் என்றார்.

"புள்ளி கிடக்கட்டும். ஒருக்கா வந்து படிப்பிக்கட்டும். கதிரை வேண்டாம், நான் இருக்கிறன்."

"நீங்களா?"

"ஓம். இனிப் பாடம் செய்ய இருக்கிற ஆக்களுக்கும் சொல்லுங்கோ. என்னோட இன்னும் ரெண்டு மூண்டு பேர் வேணும். ஹஸ்மியைக் கேளுங்கோ. அவனுக்குக் குழப்படி செய்யத் தெரியும்."

றுமானா சிரித்தார். பிறகு தானும் வருவதாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே தனக்குக் கழித்தல் வராது, நடிக்கத் தேவையில்லை என்றார்.